மணலி முதல் சென்ட்ரிங் ஷீட் வரை

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ஆவியாகி மேலே ஏறிப் போனபின், கச்சா எண்ணெயின் அடியில் கறுப்பாக ஒரு கூழ் மிஞ்சும். கார் என்ஜினில் ஊற்றுகிறோமே தேன் நிறத்தில் ஓர் ஆயில், அதன் பூர்வீகம் அந்தக் கூழ்தான். வடசென்னையில், மணலியில், அதைப் பிரித்து மசகு எண்ணெய்க்கான மூலப்பொருளை எடுக்கும் ஆலை ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1965-ல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் அது. 1969-ல் ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் திறன் இருந்தது. இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில், ஒரு கோடியே ஐந்து லட்சம் டன் திறனோடு நிற்கிறது.

அடியில் மிஞ்சிய கூழை அப்படியே இன்னும் சூடேற்றிப் பிரித்துவிட முடியாது. 370 டிகிரியை நெருங்கினாலே மூலக்கூறுகள் முறியத் தொடங்கிவிடும். அதனால் அடுத்த கோபுரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். கூழ் முறியாமல், மெல்லியது, நடுத்தரம், கெட்டி என்று தட்டுத் தட்டாகப் பிரியும். அப்படிப் பிரிந்தவற்றிலும் வேண்டாதவை இரண்டு உண்டு. ஒன்று, சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும் வளைய மூலக்கூறுகள். அவற்றை ஒரு கரைப்பானில் கரைத்து வெளியேற்றிவிடுகிறார்கள். இன்னொன்று மெழுகு. குளிர்ந்தால் அது உறைந்து எண்ணெயையும் கெட்டியாக்கிவிடும் என்பதால், வேறொரு கரைப்பானில் கலந்து, சுழியத்துக்குக் கீழே குளிரவைத்து, துணி போர்த்திய பெரிய உருளைகளில் வடித்தெடுப்பார்கள்.

அந்த மெழுகு வீணாகப் போவதில்லை. மெழுகுவத்திக்குப் போகிறது, தீப்பெட்டித் தொழிலுக்கும் போகிறது. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தீக்குச்சியின் தலையை மருந்தில் தோய்ப்பதற்கு முன்னால் உருகிய மெழுகில் தோய்ப்பார்கள். தலை எரிந்து முடிந்ததும் தீ குச்சிக்குத் தாவுவது அந்த மெழுகின் புண்ணியத்தால். ஆக, அடுப்படியில் உரசும் தீக்குச்சியும் கார் பானெட்டுக்கு அடியில் ஓடும் ஆயிலும் ஒரு வகையில் பங்காளிகள்.

மண்ணுக்கடியிலிருந்து எண்ணெய் வருவதற்கு முன்னால் சக்கரங்கள் சும்மா நின்றுவிடவில்லை. நம் ஊர்களில் மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். விளக்கெண்ணெய் சாதாரணச் சரக்கு அல்ல. உலோகத்தை விடாமல் பற்றிக்கொண்டு நிற்கும் குணம் அதற்கு அதிகம். லண்டனில் சார்ல்ஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம் 1909-ல் காஸ்ட்ரால் என்ற பெயரில் கார்களுக்கும் விமானங்களுக்கும் விற்ற எண்ணெயில் ஆமணக்குதான் விசேஷம். முதல் உலகப் போரில் பறந்த ரோட்டரி என்ஜின் விமானங்கள் சுத்த விளக்கெண்ணெயைக் குடித்து, எரிந்தும் எரியாததுமாக வெளியே துப்பின. அந்தப் புகையை மணிக்கணக்காகச் சுவாசித்த விமானிகளின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று, சின்ன வயதில் பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் விளக்கெண்ணெய்க்கு ஒரு குறை: சூட்டில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். கார்கள் பெருகிய காலத்தில் பெட்ரோலிய எண்ணெய் அதை ஓரங்கட்டிவிட்டது.

எண்ணெய் விட்டால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எப்படி வழுக்குகிறது என்பது தெரியவந்தது 1883-ல், கிட்டத்தட்ட தற்செயலாக. பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார். மரக்கட்டையை வைத்தும் அடைத்துப் பார்த்தார். தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அழுத்தமானியை மாட்டினால் முள் 200 பவுண்டைத் தாண்டி நின்றது. பேரிங்கின் மேல் அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, அங்கே அழுத்தத்தை உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. 1886-ல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். இன்றைக்கும் ஒவ்வொரு காரின் கிராங்க் ஷாஃப்டும் அந்தக் கணக்கின்படிதான் மிதந்துகொண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம் சில மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது.

மணலியில் பிரித்தெடுத்தது என்ஜின் ஆயில் அல்ல, பேஸ் ஆயில். அதற்கும் சாதிச் சான்றிதழ் உண்டு. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், அதாவது ஏ.பி.ஐ., பேஸ் ஆயில்களை ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறது. மேலே சொன்ன கரைப்பான் முறையில் வருவது முதல் பிரிவு. ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை 0.03 சதவீதத்துக்குக் கீழே இறக்கியது இரண்டாம் பிரிவு. அதே வேலையை இன்னும் கடுமையாகச் செய்து, சூடு ஏறினாலும் இறங்கினாலும் குழகுழப்பு அதிகம் மாறாதபடி ஆக்கியது மூன்றாம் பிரிவு. சின்ன மூலக்கூறுகளைக் கோத்து ரசாயன ஆலையில் உருவாக்குவது நான்காம் பிரிவு. மற்ற எல்லாம் ஐந்தில். பழைய 20டபிள்யூ-40 ஆயில்களை முதல் பிரிவை வைத்தே தயாரித்துவிடலாம். புதிய கார்கள் கேட்கும் 5டபிள்யூ-30-க்கு அது போதாது. மூன்றாம் பிரிவு வேண்டும். அதில் பெரும்பங்கு தென் கொரியாவின் உல்சான் போன்ற துறைமுக நகரங்களிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. உங்கள் காருக்குள் ஊற்றியிருக்கும் ஆயில், உங்களைவிட அதிகம் கடல் பார்த்ததாக இருக்கக்கூடும்.

டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அது நான்காம் பிரிவுக்கும் ஐந்தில் சிலவற்றுக்கும் மட்டும் உரிய பட்டம். காஸ்ட்ரால் தன் மூன்றாம் பிரிவு ஆயிலையும் அப்படியே அழைத்து விற்றது, மொபில் ஆட்சேபித்தது. 1999-ல் அமெரிக்காவின் விளம்பரத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து, கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே நன்றாகப் புடம் போட்டுவிட்டு சிந்தெடிக் என்று விற்கலாம் என்றாகிவிட்டது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, மூன்றாம் பிரிவு நல்ல எண்ணெய்தான். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்த்து ஆயில் வாங்குகிறவர், டப்பாவின் முன்பக்கத்தைத்தான் வாங்குகிறார். வாங்க வேண்டியது பின்பக்கத்தை.

பேஸ் ஆயில் டேங்கர்களில் தண்டையார்பேட்டை, எண்ணூர் போன்ற இடங்களில் இருக்கும் பிளெண்டிங் ஆலைகளுக்குப் போகிறது. கலக்கும் வேலை பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷமாக இருக்காது: பெரிய கெட்டில், அறுபது எழுபது டிகிரி சூடு, கிளறும் துடுப்பு. விஷயம் அங்கே சேரும் சரக்கில் இருக்கிறது. பத்தில் இரண்டு பங்கு வரை சேர்மானங்களாக இருக்கும். கரியும் பிசினும் பிஸ்டனில் ஒட்டாமல் கழுவ கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட். கழுவிய அழுக்கு மறுபடி திரண்டு படியாமல், துகள் துகளாகப் பிரித்து மிதக்கவிட டிஸ்பெர்சன்ட். எண்ணெய்ப் படலம் கிழியும் தருணத்தில் இரும்பின் மேல் தானே ஒரு பூச்சாகப் படிந்து காக்க, துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கலந்த ஒரு பொருள்; 1940-களில் வந்தது, இன்னும் அதற்கு ஈடான மாற்று அமையவில்லை. நுரை அடங்கத் துளியூண்டு சிலிகோன். சூட்டில் சுருள் விரிந்து எண்ணெய் ரொம்பவும் நீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் நீண்ட பாலிமர் ஒன்று.

இந்தச் சேர்மானங்கள்தான் ஆயிலின் ஆயுள். பேஸ் ஆயில் அவ்வளவு எளிதில் தேய்ந்து போவதில்லை. வேலை செய்து செய்து தீர்ந்துபோவது சேர்மானங்கள். ஆயில் மாற்றுகிறோம் என்றால் அவற்றைத்தான் மாற்றுகிறோம்.

இனி கடை. சென்னையில் ஜி.பி. ரோடோ புதுப்பேட்டையோ, வேறு ஊரானால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஸ்பேர்ஸ் கடையோ, எங்கு நின்றாலும் இந்த உரையாடல் காதில் விழும்.

"அண்ணே, ட்வென்டி ஃபார்ட்டி நாலு லிட்டர் குடுங்க."

"வண்டி என்ன சார்? எந்த வருஷம்?"

"போன வருஷம் எடுத்தது. கம்பெனியில ஃபைவ் தர்ட்டி சொல்றாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அது தண்ணியா இருக்கு. திக்கா இருந்தாத்தான் என்ஜின் தாங்கும்."

இந்த 'வெயிலுக்குத் திக்கா' என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஒற்றைக் கிரேடு ஆயில் காலத்தில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மாற்றித்தான் ஊற்றினார்கள். இன்று டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களும் வேறு வேறு சேதி சொல்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலம். அதன் முன்னால் இருக்கும் எண் சின்னதாக இருந்தால், குளிர்ந்த என்ஜினில் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். வெயிலை இந்த எண் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. தெர்மோஸ்டாட் இருக்கிறவரை வேலூர் மே மாதத்திலும் ஊட்டி டிசம்பரிலும் என்ஜினின் கூலன்ட் தொண்ணூறு டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வெளியே நாற்பது டிகிரி அடிப்பது உள்ளே இருக்கும் ஆயிலுக்குப் பெரிய செய்தி அல்ல.

முன் எண் நமக்கு வேண்டாம், இங்கே என்ன பனியா பெய்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. பனி பெய்ய வேண்டியதில்லை. காலையில் முப்பது டிகிரியில் நிற்கும் 20டபிள்யூ-40, ஓடிச் சூடான நிலையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. சாவியைத் திருப்பிய பிறகு அது கேம் ஷாஃப்டை எட்டும்வரை, முந்தைய நாள் ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்தில்தான் இரும்பு ஓடுகிறது. என்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்த ஆரம்ப நொடிகளில் நடக்கிறது. அத்தோடு, புதிய என்ஜின்களின் வால்வு நேரத்தை மாற்றும் கருவிகளை இயக்குவதே ஆயில் அழுத்தம்தான். 0டபிள்யூ-16 கேட்கும் சிறிய பெட்ரோல் என்ஜின்கள் கூட இப்போது வந்துவிட்டன. அவற்றின் பேரிங் இடைவெளியும் பம்பும் அந்த மெல்லிய ஆயிலுக்கென்றே அளந்து வைத்தவை. உரிமையாளர் கையேட்டில் ஒரே ஒரு பக்கம் படிக்க நேரம் இருக்கிறது என்றால், ஆயில் கிரேடு போட்டிருக்கும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பழைய, தேய்ந்த, ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு படி கெட்டியாகப் போடச் சொன்னால் கேட்கலாம்.

அடுத்தது, டப்பாவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் தர எண். பெட்ரோல் என்ஜினுக்கு ஏ.பி.ஐ. எஸ்.என்., எஸ்.பி. என்று வரும், பின்னெழுத்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு புதியது. 2020-ல் வந்த எஸ்.பி.க்கு ஒரு கதை இருக்கிறது. சின்ன டர்போ என்ஜின்களில், தாழ்ந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு தலைகாட்டியது. ஆராய்ந்தால், ஆயிலில் இருக்கும் கால்சியம் டிடர்ஜென்ட்டும் அதற்குத் துணை போவது தெரிந்தது. கால்சியத்தில் ஒரு பகுதியைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்தார்கள். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர், அலமாரியில் கிடக்கும் பழைய எஸ்.எம். டப்பாவை விலை குறைவு என்று வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இது.

டீசல்காரர்களுக்கு வேறு கவலை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு பீங்கான் வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துவிடும். ஆனால் ஆயில் சேர்மானங்களில் இருக்கும் உலோகம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பல் எங்கும் போகாது. வடிகட்டி மெல்ல அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவில் பல வருட ஆயில் செலவு அடங்கிவிடும். அதனால்தான் இந்த வண்டிகளுக்கு ஐரோப்பியத் தரத்தில் சி2, சி3 என்று குறித்த, சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கிறார்கள். லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

மிச்சம் அரை லிட்டர் இருக்கிறதே என்று அதை பைக்கில் ஊற்றுவது நம் வீடுகளில் சகஜம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்த்திருக்கும் சரக்கு அந்த கிளட்சை வழுக்கவிடும். பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. என்று போட்ட டப்பா தனியாக இருக்கிறது.

ஃபில்டர் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரும் மாற வேண்டும். ஒரு தடவை விட்டு ஒரு தடவை மாற்றினால் போதும் என்று சிக்கனம் பேசுவார்கள். புது ஆயிலில் முதல் நாளே கால் லிட்டர் பழைய கசடைக் கலந்துவிடும் சிக்கனம் அது. ஆரம்பத்தில் கார்களில் ஃபில்டரே கிடையாது. 1920-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் உருவாக்கிய ப்யூரோலேட்டர்தான் இந்த வரிசையின் மூதாதை. அப்படியே கையால் திருகிக் கழற்றி எறியும் டப்பா ஃபில்டர் 1950-களில் வந்தது.

பழைய ஃபில்டர் ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, தலைப்பகுதியை அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே விசிறி மடிப்பாகப் பிசின் ஏற்றிய தாள். விரித்தால் கை நீளத்துக்கும் மேலே வரும். இரண்டு மடிப்புக்கு நடுவே விரலால் தடவினால் மெழுகு போன்ற கறுப்பு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மிக நுண்ணிய மினுக்கம் தெரியலாம். அது அலுமினியம், பேரிங் உலோகம். லேசான மினுக்கம் இயல்பு. நகத்தில் நெருடும் துணுக்கு இருந்தால் என்ஜின் ஏதோ சொல்ல வருகிறது. வாய்ப்பக்கத்தில் ஒரு ரப்பர் வட்டு இருக்கும். என்ஜினை அணைத்ததும் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் தடுத்து, மறுநாள் காலை உடனே மேலே ஏற வைப்பது அதன் வேலை. மலிவு ஃபில்டரில் முதலில் விறைத்துப் போவது இந்த ரப்பர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி 'கடகட'வென்று சத்தம் வந்து அடங்கினால் இதைச் சந்தேகப்படலாம். அடியில் ஸ்பிரிங் வைத்த பைபாஸ் வால்வு ஒன்றும் இருக்கும். தாள் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பும். அழுக்கு ஆயிலில் பேரிங் தேயும், ஆயிலே இல்லாவிட்டால் உருகும். இரண்டில் தேய்வது மேல் என்ற கணக்கு. மலிவு ஃபில்டரில் இந்த ஸ்பிரிங்கும் நம்பத்தகுந்ததல்ல. வண்டிக் கம்பெனியின் ஃபில்டருக்கும் தெரு ஃபில்டருக்கும் விலை வித்தியாசம் இரண்டு பிரியாணிக்குள்தான்.

மாற்றும் வேலை சின்னது. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும், சமதரையில் நிறுத்தி, ட்ரெயின் நட்டைக் கழற்றுவார்கள். முதலில் விரைவாகப் பாய்ந்து, பிறகு நூலாக மெலிந்து, கடைசியில் சொட்டும். அந்தச் சொட்டுக்குப் பொறுமை வேண்டும். அவசரத்தில் நட்டைப் போட்டுவிடுகிற கடைகள்தான் அதிகம். நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் புதிதாக இருக்க வேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, அது உட்கார்ந்ததும் முக்கால் சுற்று, கையால். ரிஞ்ச் போட்டு இறுக்கினால் அடுத்த தடவை கழற்ற உளியும் சுத்தியலும் தேவைப்படும். பிறகு ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, டிப்ஸ்டிக். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகம் ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் தள்ளாது. இதற்கு நடுவில் 'என்ஜின் ஃப்ளஷ்', 'ஆயில் ட்ரீட்மென்ட்' என்று பில்லில் ஏறும் பாட்டில்களை மறுத்துவிடலாம். கழுவும் சரக்கு ஆயிலிலேயே இருக்கிறது.

உள்ளே போன ஆயிலுக்கு ஓய்வு கிடையாது. பம்ப் உறிஞ்சும், ஃபில்டர் வழியாகத் தள்ளும், கிராங்குக்குள் குடைந்த துளைகளில் ஏறும், கேம் மேல் வழிந்து மறுபடி அடித்தொட்டியான சம்புக்கு இறங்கும். பிஸ்டன் ரிங் பக்கம் இருநூறு டிகிரிக்கு மேல் சுடும். சம்பில் நூறை ஒட்டி ஆறும். போகிற வழியெல்லாம் கரி, ஆவி, எரியாத பெட்ரோல், அமிலம் என்று அள்ளிக்கொண்டே வரும். கறுத்துப்போனதைப் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்பவர்கள் உண்டு. டிஸ்பெர்சன்ட் தன் வேலையைச் செய்தால் ஆயில் கறுக்கத்தான் வேண்டும். டீசல் என்ஜினில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் பளிச்சென்று இருந்தால்தான் அழுக்கு வேறெங்கோ படிகிறது என்று பொருள். கவலைப்பட வேண்டிய நிறம், பால் கலந்த காபி நிறம்: ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் கலந்திருக்கலாம்.

நிறத்தைவிடச் சேதி சொல்வது வண்டி ஓடும் விதம். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று கையேடு சொன்னால், அந்த 'அல்லது' முக்கியம். அண்ணா நகரிலிருந்து அமைந்தகரை வரை மட்டும் போய்வரும் கார் ஒரு வருடத்தில் மூவாயிரம் கிலோமீட்டர் கூட ஓடாது. ஆனால் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அது நின்றுவிடுகிறது. உள்ளே குளிர்ந்த ஈரமும் எரிபொருளும் ஆவியாகிப் போக வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. சென்னைக்கும் திருச்சிக்கும் நான்குவழிச் சாலையில் ஓடும் காரின் ஆயில் அதைவிட நல்ல நிலையில் இருக்கும். பி.எஸ். 6 டீசலில் இன்னொரு விசித்திரம்: கரி எரிக்கும் வேலை பாதியில் நின்று நின்று போனால், அதற்காகத் தெளித்த டீசல் சம்புக்குள் இறங்கி, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் ஒரு நாள் அது மறுபடி ட்ரெயின் நட் வழியாக வெளியே வருகிறது, ஒரு பழைய பேசினுக்குள். அங்கிருந்து கடையின் மூலையில் நிற்கும் 210 லிட்டர் பேரலுக்கு. கூடவே வந்த காலி டப்பா தனி வழியில் போகும். மூடியும் லேபிளும் சேதமில்லாத டப்பாவுக்கு பழைய பொருள் சந்தையில் தனி விலை உண்டு. போலி ஆயில்காரர்களுக்கு அதுதான் மூலதனம். உங்கள் கண்ணெதிரே டப்பாவைக் கத்தியால் ஒரு கீறு கீறச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேரலில் இருப்பது சட்டப்படி அபாயகரமான கழிவு. எரிந்த மிச்சமும், பேரிங் தேய்ந்த உலோகமும், புற்றுநோய்க்குப் பேர்போன வளைய மூலக்கூறுகளும் அதில் உண்டு. ஒரு காலன் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. அதே முகமை இன்னொரு கணக்கும் சொல்கிறது: சுமார் இரண்டரை லிட்டர் புதிய மசகு எண்ணெய் எடுக்க ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் கச்சா எண்ணெய் வேண்டும், பழைய ஆயிலிலிருந்து என்றால் நான்கு லிட்டருக்கும் குறைவாகப் போதும். தண்ணீரை ஆவியாக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி, நிறத்தை நீக்கினால் மறுபடி பேஸ் ஆயில். மணலியில் நடந்ததே, சின்ன அளவில். ஆசிட் ஊற்றிக் களிமண்ணில் வடிக்கும் பழைய முறை வேறு. அதன் கசடு ஆயிலைவிட மோசம், விதிகள் அதை ஏற்பதில்லை. 2023 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி, ஆயில் தயாரித்து விற்கும் கம்பெனிகள் விற்ற அளவில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 2024-25-ல் 5 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக 50 சதவீதம் வரை ஏற வேண்டும்.

பேரலுக்கு வரும் ஆள் அந்தத் திருத்தத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று சக்கர வண்டியில் கேன்களோடு வருகிறார், லிட்டருக்கு இவ்வளவு என்று பேசி, கையில் பணத்தைக் கொடுத்து எடுத்துப் போகிறார். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு என்றால் பதிவு, படிவம், வரி எல்லாம் வேண்டும். கட்டடக் கான்ட்ராக்டருக்கு அதெல்லாம் வேண்டாம். காங்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் ஷீட்டில் தடவ அவருக்குத் தினமும் கழிவு ஆயில் தேவை. கேட்ட விலையைக் கொடுப்பார். செங்கல் சூளைக்காரருக்கு எரிக்க வேண்டும். கரையான் வரும் வேலிக்கம்புக்கு ஒரு கை பூச வேண்டும் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒரு பாட்டிலோடு வந்து நிற்பார். எந்த வழியில் போனாலும் மெக்கானிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே விலைதான் என்பதால், யார் முதலில் வந்து ஹாரன் அடிக்கிறாரோ அவர் வண்டியில் ஏறுகிறது அந்த மூன்றரை லிட்டர்.